முட்டுச்சந்தில் ஒரு கார்

பதினான்கு என்றார் வக்கீலம்மா முதலில்.
பிறகு இருபத்தொன்று.
பிறகு, "அந்த வாக்கில்".
அந்த வாக்கில் என்றால் என்றைக்கு என்று
லாரிக்காரனிடம் எப்படிச் சொல்வது?
இரண்டு முறை முன்பணத்தை விழுங்கியவன்
மூன்றாம் முறை போனையே எடுக்கவில்லை.

ரோச்டேலில், எங்கள் வீட்டில்
நாங்களே விருந்தாளிகள்.
கரண்டிகள் பெட்டியில். கம்பளிகள் பெட்டியில்.
கிளைவின் கறுப்பு ஷூவில் இடதுகால் மட்டும் வெளியே.
அவர் சித்தப்பாவின் அடக்கத்துக்குப்
பழுப்பு ஷூவில் போனார்.
முட்டை, பீன்ஸ், மறுபடி முட்டை,
எல்லாம் அதே வாணலியில்.

எங்களுக்குக் கீழே யாரோ இருவர்,
முதல் வீடு வாங்குகிறவர்கள்.
எங்களுக்கு மேலே டாட்மார்டனில் ஹெஸ்கெத், தனிக்கட்டை.
அவருக்கு மேலே மோர்க்கம்பில் கடல் பார்த்த பங்களா.
அதன் சொந்தக்காரி மார்ச்சிலேயே போய்ச் சேர்ந்தாள்.
கையெழுத்துப் போடவேண்டிய மகன்
நியூசிலாந்தில் இருக்கிறான்.
ஆடுகள் குட்டி போடும் காலமாம், நகர முடியாதாம்.
ஆக, உலகத்தின் மறுகோடியில் ஓர் ஆடு
ஈன்று எழுந்தால்தான்
என் கரண்டி என் கைக்கு வரும்.

தினமும் ஒன்பது மணிக்கு வக்கீலுக்குப் போன்.
"ஒப்பந்தம் கைமாறும்வரை
தேதி என்பது ஓர் ஆசைதான், மேடம்."
ஆசையைக் காலண்டரில் வட்டம் போட்டு
அடித்து, வட்டம் போட்டு, அடித்து
அக்டோபர் கிழிந்துவிட்டது.

ஒரு செவ்வாய் இரவு, கிளைவ் தூங்கியபின்
காரை எடுத்தேன்.
கேட்டால் பால் வாங்க என்று சொல்லிக்கொள்ளலாம்.
மலைச்சாலை முழுக்க மழை.
ஹெஸ்கெத் வீட்டெதிரே விளக்கை அணைத்து நின்றேன்
கன்னம் வைக்க வந்தவள் மாதிரி.
திரையில்லாத ஜன்னலில் அவர்
ஏணியில் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

விட்டுப்போகிற வீட்டில்
எவன் புது பல்பு போடுவான்?
வயிறு எரிந்தது.
பாதி வழி திரும்பியபின்தான் உறைத்தது,
அடுத்த வாரம்தானே, அடுத்த வாரம்தானே என்று
எத்தனை நாள் இருட்டில் உட்கார்ந்திருந்தாரோ.

வந்து பார்த்தால்
எங்கள் தெருமுனையில் தெரியாத கார்.
கண்ணாடியெல்லாம் மூச்சுப் படர்ந்திருந்தது.
உள்ளே ஒரு பெண், ஒரு பையன்,
மடியில் வினிகர் நனைத்த உருளை வறுவல்.
என் படுக்கையறை ஜன்னலை
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டினேன்.
"சும்மா, இந்தப் பக்கமாய்ப் போனோம்" என்றாள்.
முட்டுச்சந்து, பெண்ணே.
இந்தப் பக்கமாய் எங்கேயும் போகமுடியாது.

காதுவரை சிவந்தாள். பெயர் கிர்ஸ்டி. அவன் டெக்லன்.
வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு
அவன் அம்மா வீட்டு சோபாவில் ஆறு வாரமாய்.
"உங்களுக்காவது தேதி தெரியுமா?" என்றாள்,
ஒன்பது மணிக்கு நான் கேட்கும் அதே குரலில்.
அவளுக்கு
நான்தான் நியூசிலாந்து.

உள்ளே வாருங்கள் என்றேன்.
கத்தியும் பெட்டிக்குள் இருந்ததால்
சாவியால் டேப்பைக் கிழித்தேன்.
சமையலறை மூன்றில் கேக் அச்சுகள்.
சமையலறை ஐந்தில் கோப்பைகள், ஒன்று காதறுந்து.
டெக்லன் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான்,
எடுத்தபிறகு அனுமதி கேட்டான்.
ஜன்னல் நூற்றெண்பத்திரண்டு சென்டிமீட்டர்.
மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு இறங்கிவந்த கிளைவ்
இவர்கள் யார் என்று கேட்கவில்லை.
திறந்த பெட்டிகளைப் பார்த்தார்.
"இதில் என் வலது ஷூ இருக்கிறதா?"

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் போன் செய்யவில்லை.
கடைக்குப் போய்
மாடிப்படிக்கு ஒரு பல்பு வாங்கினேன்.
ஆகஸ்டிலிருந்து அங்கே
தடவித்தான் ஏறிக்கொண்டிருந்தோம்.