ஊறுகாய் டிரம்

சிப்காட் டிரம் மலிவு. வாங்கவில்லை.
எதை வைத்திருந்தார்களோ அதில்.
பண்ருட்டி சாலை ஊறுகாய்க் கம்பெனியில்
அறுபது லிட்டர், மூடியோடு,
எத்தனை முறை கழுவியும்
எலுமிச்சை வாடை விடாத ஒன்று.

பகலில் நான் உரக்கடையில் கணக்கு.
யூரியா, டிஏபி, பொட்டாஷ்,
ஆதார் எண், கைரேகை, ரசீது.
மாலையில் கெடிலக் கரையில்
கேட்பாரில்லாத சரக்கு எடுக்கிறேன்:
எருக்கு, குப்பைமேனி, சாரணை,
யாரும் நடாமலே
ஊர்ப்பெயரைச் சுமந்து திரியும்
நெய்வேலிக் காட்டாமணக்கு.
காஞ்சொறியைத் தெரியாமல் தொட்டு
அன்றிரவு முழுக்க
என் கை வேறு யாருடையதோபோல் எரிந்தது.
பூத்தது பரவாயில்லை, காய்த்ததை விட்டுவிட வேண்டும்.
விதை ஊறலில் சாகாது.
தொட்டியில் முளைத்து வந்து
இடம் கேட்கும்.

நறுக்கிப் போட்டு, கல்லால் அமுக்கி,
முங்கும் மட்டும் தண்ணீர்.
போர்வெல் உப்பு.
ஐப்பசி மழையில் வாளி வாளியாய்ப் பிடித்தது இருந்தது.
ஒரு அச்சு வெல்லம்.
காலையும் மாலையும்
ஒடிந்த மாப்புக் கம்பால் கிளறல்.

மூன்றாம் நாள் நுரை.
ஐந்தாம் நாள் மாட்டுக்கொட்டகை.
ஏழாம் நாள் கீழ்வீட்டுப் பூரணி
தேவனாம்பட்டினத்து மீனை விற்றுவிட்டுக்
காலிக் கூடையோடு மாடியேறி வந்தாள்.
"வவ்வா நாறும், சங்கரா நாறும்,
கருவாடு நாறும்.
இது என்னாடி, ஏரியே செத்துப்போனாப்ல?"
மூக்கைப் பொத்தியபடியே எட்டிப் பார்த்தாள்.
பொத்தியபடியே கம்பை வாங்கி
ரெண்டு சுற்று வலித்தாள்,
துடுப்புப்போல.

நுரை அடங்கிய பன்னிரண்டாம் நாள்
கிழிந்த வேட்டியில் வடித்தேன்.
ஒன்றுக்குப் பத்து தண்ணீர்,
கடைக்காரன் ஏமாற்றிய டீயின் நிறம் வரும்வரை.
பெயின்ட் வாளிக் கத்தரிக்கு ஒரு சொம்பு.
பூரணியின் முருங்கைப் போத்துக்கு ஒரு சொம்பு.
கத்தரி என்ன ஆனது என்று
இப்போதே சொல்ல மாட்டேன்.
பழைய இலைகள் மஞ்சளாகவே இருக்கின்றன.
நுனியில் ஒன்று மட்டும்
எண்ணெய் தேய்த்துக்கொண்டதுபோல.

திங்கட்கிழமை
குள்ளஞ்சாவடிக்காரர் ஒருவர் வந்தார்.
ஒரு மூட்டை யூரியா,
ஒரு லிட்டர் களைக்கொல்லி.
பில் போட்டேன்.
என் விரலிடுக்கிலிருந்த வாசனை
மேசையைத் தாண்டிப் போய்
அவர் புருவத்தைச் சுருக்கியது.
"எவ்ளோ நெலம்?"
"அரை ஏக்கர். பூரா சாரணை, நாயுருவி.
கால வைக்க முடியல."
அரை ஏக்கர்.
கல்யாணப் பந்தியை
வெளியே நின்று பார்த்தவள்போல
எனக்கு வாயூறியது.
முதலாளி போனில் இருந்தார்.
"அடிக்கிறதுக்கு முன்னாடி
ரெண்டு சாக்கு பிடுங்கித் தருவீங்களா?"
அவர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்,
மறுபடி என்னை.
"கிலோ என்னா வெலைக்கும்மா எடுத்துக்குவீங்க?"

விலையா.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறேன்.
யூரியாவுக்கான கைரேகை கேட்டு
மிஷின்
கத்திக்கொண்டே இருக்கிறது.