கியோல்

ஈஸாஃப்யோர்துர். ஜனவரி.
பதினொரு மணி ஆகியும் வெளுக்கவில்லை.
மீன் ஏலக் கூடத்தின் மேல்மாடியில்
வெள்ளைப் பலகையைச் சுற்றி நான்கு பேர்.
நடுவில் ஒரு தட்டு, காய்ந்த மீன், வெண்ணெய்.

கேள்வி இதுதான்:
கீழே வந்திறங்கும் மீனை
வெளியே இருப்பவர்கள் எப்படிக் கேட்பது?

எய்விந்தூர் பெயர்ச்சொற்களின் ஆள்.
எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி கொடு என்கிறான்.
படகுக்கு ஒன்று, அதன் இன்றைய பாட்டுக்கு ஒன்று,
பெட்டி பெட்டியாக ஒவ்வொன்று.
கதவைத் தட்டினால் அந்த வீட்டுக்காரர் வருவார்.
தட்டுவதற்கு நாலு விதம் போதும்:
பார், சேர், மாற்று, நீக்கு.

"ஏலத்தை நிறுத்து என்பது
எந்த வீட்டுக் கதவு?" என்றாள் டாக்னி.
அவளுக்கு உலகமே வினைச்சொல்.
விலை கேள். எடை போடு. ஐஸ் கொட்டு.
சொன்னால் செய்ய வேண்டும்,
வாசலில் நின்று விலாசம் விசாரிக்கக் கூடாது.

ஹுல்டா வினாவோடு வந்திருந்தாள்.
ஒரே வாசல்.
கேட்பவர் தன் தட்டைத் தானே வரைந்து நீட்டுவார்:
காட் மீன், மூன்று கிலோவுக்கு மேல்,
பிடித்த படகு, அந்தப் படகின் முந்தாநாள் விலை,
வேறெதுவும் வேண்டாம்.
கிராஃப்கியூஎல் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.
அழகாகத்தான் இருந்தது.
எய்விந்தூர்கூட ஒரு நிமிடம் மெல்லுவதை நிறுத்தினான்.

நான் வாய் திறக்கவில்லை.
போன வாரம் ஒரு படகில் போயிருந்தேன்.
கரையிலிருந்து ஒன்பது மைல், சிக்னல் ஒரு கோடு.
எங்கள் பழைய ஏபிஐ
ஒரு திரையை நிரப்பப் பத்தொன்பது முறை
கரைக்கு ஓடி ஓடித் திரும்பியது.
பதினான்காவது ஓட்டத்தில் ஏலம் முடிந்துவிட்டது.
படகுக்காரர் திட்டவில்லை.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
வலையைப் பார்க்கப் போனார்.

இதைச் சொன்னதும் ஹுல்டா ஜெயித்த மாதிரி இருந்தது.
அப்போது டாக்னி கேட்டாள்:
"தட்டைத் தானே வரைகிறவன்
ஒருநாள் கடலையே வரைந்து நீட்டினால்?
சர்வர் படுத்த ராத்திரி மூன்று மணிக்கு
போனை யார் எடுப்பது?"

எல்லோரும் மீனைப் பார்த்தோம்.
நாங்கள் நான்கு பேர்.
அதில் ஹுல்டா அரைநாள்தான்,
மீதி அரைநாள் நீச்சல்குளத்தில் காவல்.

பெயர்ச்சொற்களையே எடுத்தோம்.
படகுகளுக்கு மட்டும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரும்
ஒரு கொழுத்த முகவரி
(எய்விந்தூர் இன்றுவரை அதன் பெயரைச் சொல்வதில்லை).
ஏலத்தை நிறுத்த ஒரே ஒரு வினைச்சொல்.
கொள்கை என்று பார்த்தால்
பலகையில் இருந்த எதுவும் இல்லை.
ராத்திரி தூக்கம் வந்தது.

மூன்று வாரம் வாதாடியதில்
யாருடைய கண்ணிலும் படாதது ஒன்று.
கிலோ என்று அடிக்கப்போய்
கியோல் என்று அடித்திருந்தேன்.
நான்தான். அதே நாளில் வெளியே போய்விட்டது.

ஏப்ரலில் கண்டுபிடித்துத் திருத்தப் போனேன்.
கிரிம்ஸ்பியிலிருந்து, முகம் தெரியாத ஒரு வியாபாரி,
இரண்டே வரி எழுதினார்:
என் பதினொரு நிரல்கள் கியோலை நம்பி ஓடுகின்றன,
தயவுசெய்து தொடாதீர்கள்.

தொடவில்லை.
பெயரா வினையா வினாவா என்று
அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.
கொடுத்தது சொல்.
பிழையோடு கொடுத்தாலும் சொல்தான்.

நேற்றுக் கீழே இறங்கினேன்.
பனியில் ஃபோர்க்லிஃப்ட் உறுமிக்கொண்டிருந்தது.
கட்டண ரசீதைப் பார்த்து
ஓட்டுநர் இன்னொருவருக்குக் கத்தினார்,
சிரிக்காமல், மிகச் சாதாரணமாக:
"ஹாடக், நானூற்றிருபது கியோல்!"