ஐஸ் வைத்தல்

கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம்.
ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
உறைபெட்டிக்குள் வடதுருவம், பதினொரு துண்டு:
நோர்வேக்காரி துளைத்தெடுத்தது,
ரஷ்யன் இலக்கமிட்டது.
அவர்களுடைய அரசுகள் இப்போது
முகம் பார்ப்பதில்லை.

நுஸ்ஹா ஓட்டோ பிடித்து
முகத்துவாரம் மீன்துறைக்குப் போனாள்.
"ஆருக்குத் தங்கச்சி ஐஸ் வைக்கப்போறா?"
மில்றோய் கேட்டான்.
"ஐஸுக்குத்தான்."

சிரித்தவன் பிறகு சிரிக்கவில்லை.
நாலு மூட்டை, மேலே கல்லுப்பு,
பாதிக் காசு.
சாக்கைத் தானே சுமந்து படியேறினான்,
பெட்டிக்குள் மட்டும் பார்க்கவேணும் என்றான்.
பார்த்தான். "இவ்வளவுதானா?"

விடிய, கழித்தல் ஒன்பது.
ட்ரொம்சோவுக்கும் மூர்மன்ஸ்குக்கும்
ஒரே மின்னஞ்சல்:
மாதிரிகள் நலம்.
பெட்டியில் கொஞ்சம் பாரைமீன் வாசம்,
மன்னிக்கவும்.

வெளியே அலை
மதிலின் மூன்றாம் கல்லை
நனைத்துக்கொண்டிருந்தது.
போன வருஷம் இரண்டாவது.