காலர் அளவு

சாம்பல் புதனன்று பதிமூன்றரை.
அதற்கு மூன்றாம் வெள்ளி பதினான்கே கால்.
குருத்தோலை ஞாயிறு, பதினைந்தரை.
எம்.சி. ரோட்டு மாடியில்
பீஸ் கணக்கில் காலர் தைக்கிறவள்
தன் கழுத்தைத் தவறாக அளப்பாளா?

"தைராய்டுதானே, பன்னெண்டு வருஷமா மாத்திரை போடற,
வீங்கும், வத்தும்" என்றாள் பக்கத்து மிஷின் சகாயமேரி.
வற்றவில்லை.
சோறு நின்று நின்று இறங்கியது.
குரல், நூல் அறுந்தது தெரியாமல் ஓடும் மிஷின்.
சுவரில் தலையணை சாய்த்து
உட்கார்ந்தே தூங்கினேன்.
மூச்சு முட்டிய ராத்திரி, ஆட்டோவில்,
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது.
கூட்ஸ் வண்டி.
மூச்சை எண்ணாமலிருக்கப் பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்தேழு.

ஸ்டான்லியில் குத்திய முதல் ஊசி
திட்டமாக எதுவும் சொல்லவில்லை.
"பழைய அழற்சியா, வேறயா, பிரிக்க முடியல.
சதையாவே கொஞ்சம் எடுக்கணும்" என்றார் டாக்டர் இளவேனில்.
எடுத்தார்கள். மெழுகில் புதைத்து, சீவி, சாயமேற்றிப் பார்க்க
பதினோரு நாள்.

பிறகு திரையில் காட்டினார்.
ஊதாப் புள்ளிகள், ஒன்றுபோல் ஒன்று.
"ஒரே செல் தன்னையே நகலெடுத்திருக்கு. லிம்போமா.
தைராய்டுல இது வர்றது அபூர்வம்."
எனக்குப் புரிந்தது.
எண்பது மடிப்புத் துணியை அடுக்கிவைத்து
கட்டிங் மாஸ்டர் ஒரே வெட்டாக இறக்குவாரே,
அது.

சங்கிலியைத் தங்கச்சியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு
கத்திக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.
"ஆபரேஷன் வேணாம்மா. இது அறுக்கிறதில்ல, கரைக்கிறது."

சிவப்பு மருந்து ஏறிய அன்று
மூத்திரமும் சிவப்பு.
ஐந்தாம் நாள் மல்லாந்து படுத்தேன்.
ஃபேனில் அவ்வளவு ஒட்டடை!
மூன்றாம் சுற்றில் பதினாலு.
முடி போனது, போகட்டும்.
விரல்நுனி மரத்துவிட்டது.
ஊசி ஏறியதே தெரியாமல்
வெள்ளைக் காலரில் ரத்தத்தைப் பார்த்தேன்.
அந்தப் பீஸுக்கு முதலாளி காசு பிடித்துக்கொண்டார்.

ஆறு சுற்றும் முடிந்து, இன்று கதிர்வீச்சுக்கு அளவு.
வெந்நீரில் ஊறிய பிளாஸ்டிக் வலையை
முகத்தோடும் கழுத்தோடும் இழுத்துப் பொருத்தினார்கள்.
ஆறிக் கெட்டியானதும் ஓரத்தில் எழுதினான் டெக்னீஷியன் பையன்:
ஜெயசீலி, 57.
முப்பது வருஷம்
யாரென்று தெரியாத கழுத்துகளுக்கே தைத்தவள் நான்.
தாடைக்குக் கீழே கொஞ்சம் இறுக்கம்.
சொல்லவில்லை.
திங்கட்கிழமை பத்து மணிக்கு
சங்கிலி போடாமல் வரச் சொன்னார்கள்.