நம்

மூன்று சட்டையோடு வியந்தியான் போனேன்.
மூன்றையும் முதல் நாளே சலவைக்குக் கொடுத்தேன்.
கிலோ பதினையாயிரம் கிப்.
தராசில் வைத்துப் பார்த்தாள் மணிவான்:
பேன்ட்டுகளும் சேர்த்து
என் பயணம் மொத்தம் ஒன்றே முக்கால் கிலோ.

அன்று பிடித்தது மழை.

மாடிக்கொடியில், படிக்கட்டுக் கம்பியில்,
விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால்
தொங்கின என் துணிகள்,
வாசல்வரை வந்து
இறங்கத் தயங்குகிறவர்கள்போல.
இருந்த ஒரே மின்விசிறியை
அவற்றின் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

நான் கைலியோடு வந்து
காய்ந்ததா என்று சைகையில் கேட்டேன்.
'போ' என்றாள்.
போய்விட்டேன்.
கட்டிலில் உட்கார்ந்து
என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தேன்.
மாலையில் பள்ளிவிட்டு வந்த மகள் தாலா
செல்பேசியில் தட்டிக் காட்டினாள்:
அங்கே போ என்றால் இல்லை.

மறுநாள் கதவடியில் மடித்து வைத்த
நீலப் பந்தாட்டச் சட்டை.
முதுகில் பதினான்கு.
'தாவோன்' என்றாள்.
ஆற்றைக் காட்டினாள்,
அக்கரைத் தாய்லாந்தைக் காட்டினாள்,
பிறகு கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி
அதற்கும் அப்பால்.
மகன். ரயோங்கில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை.
மூன்று புத்தாண்டாக வரவில்லை.
இதெல்லாம் தாலா சொன்னது.

நேற்றுவரை
'மிஸ்டர், புத்தர் பூங்கா, மிஸ்டர்' என்று துரத்திய
டுக்டுக்காரர்கள்
இன்று சீட்டுக்கட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
ஒருவன் மட்டும் 'தாவோன்!' என்று கத்தி,
முகத்தைப் பார்த்ததும் தொடையில் தட்டிச் சிரித்தான்.
நூடுல்ஸ் கடைக்காரி கேளாமலே
வறுத்த மிளகாயை இரண்டு கரண்டி போட்டாள்.
கண்ணில் நீர் வழியத் தின்று முடித்தேன்,
அவன் பெயரைக் கெடுக்கக் கூடாதே.

பார்க்க வேண்டியவை என்று பட்டியல் இருந்தது.
தங்கத் தூபி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது.
வெற்றி வளைவு,
விமான ஓடுபாதைக்கு வந்த சிமெண்டில் கட்டியதாம்.
ஓட வேண்டியது
நிமிர்ந்து நின்று நனைகிறது.
அதன் கீழே நானும் அரைமணி நேரம்.

மாலையில் கொஞ்சம் விட்டது.
ஆற்றங்கரையில் ஒலிபெருக்கி வைத்து
ஐம்பது பெண்கள் உடற்பயிற்சி செய்தார்கள்,
தேங்கிய நீரில் காலை மாற்றி மாற்றி.
அவர்களுக்கு முதுகு காட்டி
மண்நிற வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு முழு மரம் வேரோடு போனது.
திரும்பியபோது
நாற்பத்தொன்பது பேரின் கைகள் இறங்கியிருந்தன.
கடைசி வரிசையில்
மணிவானின் கை மட்டும் மேலேயே இருந்தது.

பிறகு பாட்டுக்குள் சேர்ந்துகொண்டாள்.

இரவு தாகத்துக்கு ஒரு பாட்டிலை நீட்டி
'நம்' என்றாள்.
என் மொழியில் அந்தச் சொல் தனியே நிற்காது.
நம் வீடா, நம் பிள்ளையா,
அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன்.
அவள் கூரை ஒழுகும் வாளியைக் காட்டி
நம் என்றாள்.
இருட்டில் ஆறு இருந்த திசையைக் காட்டி
நம் கோங்.
கொடியில் கிடந்த என் சட்டைக் கையைப் பிழிந்து,
சொட்டியதைக் காட்டி
நம்.
குடித்தேன்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது, நானும் கிளம்பினேன்.
பதினான்கைக் கழற்றி மடித்துக் கொடுத்தபோது
அதை அவள் துணிக்கூடையில் போடவில்லை,
தராசிலும் வைக்கவில்லை.
ஒருமுறை முகர்ந்துவிட்டு
மேசை இழுப்பறையில் வைத்தாள்.
அதில் இனி என் வியர்வையும் மிளகாயும்தான் இருக்கும்.
சொல்ல வார்த்தை தெரியவில்லை.

பணம் நீட்டினேன், கிலோவுக்கு மேலாகவே.
மிச்சத்தைத் திருப்பித் தள்ளி
'போ' என்றாள்.
அர்த்தம் தெரிந்தும் போனேன்.
விமானம் பத்தரைக்கு.
காலர் இன்னும் காயவில்லை.