கை நடுக்கம்

சிலோயே தீவு. ஓதம் வடிந்த சேறு.
முக்காலியை அது முதல்நாளே விழுங்கிவிட்டது.
எதெல்மிரா முழங்காலிட்டு
நீள லென்ஸை இடது உள்ளங்கையில் ஏந்துகிறாள்;
காலையெல்லாம் கடற்பாசி அள்ளி
மரத்துப்போன கை.

அலாஸ்காவிலிருந்து வந்த மூக்கன்கள்
அலகை அடிவரை சேற்றில் செருகி
எதையோ ஒட்டுக்கேட்கின்றன.

மங்கல் வெளிச்சம்.
மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி,
அறுபதில் ஒரு பங்கு நொடி.

எழுந்துவிட்டது கூட்டம் மொத்தமும்.
நாய் இல்லை, பருந்து இல்லை.
பதினேழு படத்தில் பதினாறு
வெறும் சாம்பல் தீற்றல்.

வயசாகிறது உனக்கு என்று
கையைத் திட்டிக்கொண்டே வீடு வந்தால்
கோப்பைகள் உடைந்து கிடக்கின்றன அடுப்படியில்.
சுவரில் எல்லாச் சட்டமும் கோணல்.

நின்றபடி
முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள்.
அது துல்லியம்:
அத்தனை அலகும் சேற்றுக்கு வெளியே.