பதினாறு புள்ளி ஒன்பது

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
மூடினால் அரை மணி, இது ஊரறிந்த கணக்கு.
வண்டியை அணைத்துவிட்டுக் காலூன்றி நிற்கையில்
அச்சகத்திலிருந்து போன்:
"வாழ்த்து மடல் ரெடி சார்.
'நேர்மையின் சிகரம்' போட்டாச்சு,
'கடமை தவறாத கண்ணியர்' போட்டாச்சு.
சாதனைன்னு ரெண்டு வரி எடம் விட்டிருக்கு.
யோசிச்சுச் சொல்லுங்க, பிளேட் போடணும்."

நெல் கொள்முதல் நிலையத்தில்
முப்பத்தோரு வருஷம் பட்டியல் எழுதியவன்.
குறுவைக்கு ஒரு கொட்டகை, சம்பாவுக்கு ஒரு களம்.
யோசித்தால் மூக்கில் ஏறுவது
சாக்குத் தூசியும் கார்பன் தாளும்தான்.

எடமேலையூரில், லாரி வராத ஒரு ராத்திரி
கொசுவுக்கு வைக்கோலைப் புகையவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
பேச்சு எங்கெங்கோ போய்
ஆளாளுக்குத் தன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.
மூட்டை தூக்கும் பக்கிரிசாமி சொன்னார்:
"மவளுக்கு சைக்கிள் பழக்குனேன், வெண்ணாத்துக் கரையில.
பின்னால புடிச்ச கைய எந்த எடத்துல விட்டேன்னு
அவளுக்கு இன்னிவரைக்கும் தெரியாது.
நான் தாண்டறப்பல்லாம் பாத்துக்குவேன்.
ஒரு நுணா மரம்."

சாக்குத் தைக்கும் ஜெகபர் அலி
சவுதிக்குப் போய்ப் பதினோரே மாசத்தில் வந்தவன்.
"ஓடி வந்துட்டான்னு ஊரு சொல்லுது.
வந்துட்டேன்னு நான் சொல்றேன்.
அவ்ளோதான்."

சிந்தின நெல்லைக் கூட்டும் ஆரோக்கியமேரி
கஜா அடித்த ராத்திரி நன்றாகத் தூங்கினாளாம்.
யாருக்கும் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை.
சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்,
புகையாகவும் இருக்கலாம்.

என் முறை வந்தபோது
ஒன்றுக்குப் போவதுபோல் எழுந்துவிட்டேன்.

அது ஒரு தை மாசம். அறுத்துக் கொட்டியபின் மழை.
செங்கமலத்தின் நாற்பத்திரண்டு மூட்டை
ஒன்பது நாள் தார்ப்பாய்க்கடியில் வெந்துகொண்டிருந்தது.
அடி நெல்லில் வெள்ளை நூலாய் முளை.
ஈரமானி காட்டியது பதினெட்டு புள்ளி நான்கு.
பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாது.
இன்னும் இரண்டு நாள் விட்டால்
அது சோற்றுக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது.

பதினாறு புள்ளி ஒன்பது என்று எழுதினேன்.
புள்ளியைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

யாரும் எழுதச் சொல்லவில்லை.
ஒரு மாசம் ஜீப் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கியது.
தணிக்கை வந்தது, பதிவேட்டைப் புரட்டியது,
டீ குடித்துவிட்டுப் போனது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.
அன்றைக்கும் மூட்டைக்கு நாற்பது வாங்கினோம்.
வழக்கம்போல் என் பங்கு என் சட்டைப்பைக்கு வந்தது.
செங்கமலம் நோட்டை எண்ணி மேசையில் வைத்து
"நல்லா இருப்பீங்கய்யா" என்றாள்.
எந்தக் குரலில் என்று
இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.
நான் எழுதிய எண்ணை அவள் பார்க்கவே இல்லை.
இப்போது எங்காவது என்னைப் பார்த்தாலும்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.
நியாயம்தான்.

தூக்கம் வராத இரவுகளில்
குறைத்து எழுதிய அந்த ஒன்றரையையும்
வாங்கிய நாற்பதையும்
கழித்துப் பார்த்திருக்கிறேன்.
எப்படிக் கழித்தாலும், வெட்கமில்லாமல்,
கொஞ்சம் பெருமை மிஞ்சி நிற்கிறது.

சரக்கு ரயில் வருகிறது. எல்லாம் நெல்.
வேகன்களை எண்ண ஆரம்பித்துப்
பதினாறில் விட்டுவிட்டேன்.

கேட் தூக்குகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஹாரன்.
மறுபடி போன்.
"என்ன சார் போடலாம்?"
"கையெழுத்து அழகா இருக்கும்னு போடுங்க."
"அது சாதனையா சார்?"
பின்னாலிருந்த மன்னார்குடி பஸ்
தள்ளாத குறையாகக் கத்தியது.
கியரைப் போட்டேன்.